அருங்காட்சியகம் கட்ட ஆசையா? முதலில் ஒரு வீட்டைப் பிரித்துப் பாருங்கள்

திண்டுக்கல் பக்கத்து வடமதுரையில் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் ஆர்க்கிடெக்டைத் தேடிப் போவது அபூர்வம். பேரூராட்சி அனுமதிக்கு ஒரு பிளான் வேண்டும். திண்டுக்கல்லில் யாராவது ஒரு இன்ஜினியர் போட்டுக் கொடுத்துவிடுவார். அடுப்படி எந்த மூலை என்பதை வாஸ்து பார்க்கிறவர் சொல்வார். மற்றதெல்லாம் மேஸ்திரி கையில். இப்படி ஓர் ஊரில் பிளஸ் டூ படிக்கிற பெண், “ஆர்க்கிடெக்சர் படிச்சு மியூசியம் கட்டப்போறேம்ப்பா” என்று சொன்னால் அப்பாவின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “அதக் கட்டச் சொல்லி யாரும்மா காசு கொடுப்பா?”

கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிலுக்குள் பல ஆண்டு இருக்கிறவர்களே அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு பள்ளிப் பேருந்துகள் அங்கே போய்வந்தபடி இருக்கின்றன. போய்வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பானை ஓட்டைவிட அந்தக் கட்டடமே பிடித்துப்போயிருக்கிறது. அவர்களுக்கும், கையைப் பிசைந்துகொண்டிருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை.

அப்படி ஒரு வேலை கிடையாது

முதலில் ஒன்றை உடைத்துவிடுவோம். ‘மியூசியம் ஆர்க்கிடெக்ட்’ என்று கார்டு அடித்துக்கொண்டு அதிலேயே அலுவலகம் நடத்திச் சம்பளம் போடுகிறவர்களை இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு மாநிலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெரிய அருங்காட்சியகம் எழும்புகிறது. அருங்காட்சியகத்தால் பெயர் பெற்றவர்களின் வேலைப் பட்டியலைப் புரட்டினால் வீடு, பள்ளி, குடியிருப்பு, அலுவலகம்தான் நிறைய இருக்கும். அருங்காட்சியகம் நடு நடுவே வரும். வந்த நேரத்தில் அதைச் செய்யும் பக்குவம் கைவசம் இருக்க வேண்டும். அந்தப் பக்குவம் எங்கே கிடைக்கிறது என்பதற்கு இரண்டு பேருடைய தொழில் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

ஒருவர் சார்லஸ் கொரியா. 1930-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் எம்ஐடியிலும் படித்துவிட்டு 1958-ல் பம்பாயில் அலுவலகம் போட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில், 28 வயதில், அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1963-ல் நேரு திறந்துவைத்தார்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞனுக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. அதுவும் காந்தி பெயரில். வேறு யாராவது என்றால் குவிமாடமோ தூணோ வைத்து ஊரையே அண்ணாந்து பார்க்கவைத்திருப்பார்கள். கொரியா போட்டது 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரம். செங்கல் தூண், ஓட்டுக்கூரை, கல் தரை. கண்ணாடி ஜன்னலே கிடையாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மரச் சாய்பலகைகள். இப்படிப்பட்ட சதுரங்களைக் கோடு பிடித்தாற்போல் அடுக்காமல், கொஞ்சம் திறந்தும் கொஞ்சம் மூடியும் ஒரு நீர்த்தொட்டி முற்றத்தைச் சுற்றிப் பரப்பினார். உள்ளே வைக்க வேண்டியவை கடிதங்கள், புகைப்படங்கள், புத்தகங்கள். இன்னும் சேரக்கூடியவை. சேர்ந்தால் பக்கத்தில் இன்னொரு சதுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அருங்காட்சியகம் வளரும் என்பதைப் பிளானிலேயே எழுதிவைத்த புத்தி அது. பட்ஜெட் சிறியது என்று புலம்புகிற இளம் ஆர்க்கிடெக்டுகள் இந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்த்துவர வேண்டும்.

அதன் பிறகு போபாலில் பாரத் பவன், 1982. ஏரிக்கரைச் சரிவில் கட்டியது. சாலையிலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது. மேல்தளத்தில் நுழைந்து, படிக்கட்டாக இறங்கும் மொட்டைமாடிகள் வழியே ஏரியை நோக்கிப் போகிறோம். காட்சிக்கூடங்கள் பள்ளத்தில் உள்ள முற்றங்களைச் சுற்றி இருக்கின்றன. தில்லியில் கைவினை அருங்காட்சியகம்: ஒரு நடைபாதை, அதில் முற்றத்துக்குப் பின் முற்றம். ஜெய்ப்பூரில் ஜவாஹர் கலா கேந்திரா: ஒன்பது சதுரங்கள், ஜெய்ப்பூர் நகரத்தின் பழைய அமைப்பைப் போலவே ஒன்று மட்டும் விலகி நிற்கும். முகப்பைக் காட்டி அசத்தும் கட்டடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே நடக்கிறவருடைய காலைப் பின்தொடர்ந்து போட்ட பிளான்கள்.

இதற்கிடையே அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நவி மும்பை என்ற புதுநகரத் திட்டம், குறைந்த செலவுக் குடியிருப்புகள், 1980-களின் நடுவில் தேசிய நகர்மயமாக்கல் ஆணையத் தலைமை, சென்னை கிரீம்ஸ் சாலையில் எம்ஆர்எஃப் தலைமை அலுவலகம். 2015-ல் காலமாகும்வரை அவரை யாரும் ‘மியூசியக்காரர்’ என்று மட்டும் அழைத்ததில்லை.

ஆனால் கொரியாவின் பாதையை நீங்கள் அப்படியே பிடித்துப்போக முடியாது. அந்தக் காலம் வேறு, நாட்டில் அன்று இருந்த ஆர்க்கிடெக்டுகளின் எண்ணிக்கை வேறு, எம்ஐடி படிப்பு கொடுத்த அறிமுகங்கள் வேறு. வடமதுரையிலிருந்து புறப்படுகிறவருக்கு இரண்டாமவரின் பாதைதான் கூடுதல் பயன்.

வீட்டைப் பிரித்து, வீட்டைச் சேர்த்து

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு போனால் தக்ஷிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை நடத்துவது. அறக்கட்டளை தொடங்கியது 1984-ல். அருங்காட்சியகம் பார்வையாளருக்குத் திறந்தது 1996 டிசம்பரில். இடையில் 12 ஆண்டு. இந்தத் தொழிலில் பொறுமை என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவைக்கலாம்.

அங்கே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநில வீடுகள் நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரஹார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. இவற்றில் பல, இடிக்கப்படவிருந்த நிஜ வீடுகள். பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியவை. தொடக்க வடிவமைப்பு திருவனந்தபுரத்து லாரி பேக்கருடையது. அதைத் தொடர்ந்து நின்று கட்டிமுடித்த பொறுப்பு பென்னி குரியகோஸ் என்ற இளைஞருக்கு வந்தது.

குரியகோஸ் முதலில் படித்தது சிவில் இன்ஜினியரிங். 1984-ல் பேக்கரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பேக்கர் பர்மிங்ஹாமில் பிறந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியா வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பெரிய அலுவலகம், வரிசையாக டிராயிங் போர்டு, கோட் போட்ட உதவியாளர் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. சைட்டில் கொத்தனார் பக்கத்தில் நின்றபடியே தாளில் கிறுக்கிக் காட்டுவார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திவைத்து நடுவில் காற்றுக்கூடு விடும் ராட்-டிராப் பாண்ட் சுவரைக் கேரளமெங்கும் பரப்பியவர். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். வெயிலும் உள்ளே சட்டென்று இறங்காது. இப்படிப்பட்ட ஒருவரிடம் தொழில் தொடங்கியது குரியகோஸுக்கு எந்தப் பட்டத்தையும்விடப் பெரிய முதலீடு என்பது என் கணிப்பு. அதன் பிறகே இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1986–87-ல் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் முதுகலை. முதலில் சைட், பிறகு வகுப்பு.

இனி தக்ஷிணசித்ரா. ஒரு பழைய வீட்டை இடம்பெயர்ப்பது என்றால் என்ன வேலை? முதலில் முழு வீட்டையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு உத்தரம், தூண், சட்டம், கதவு, ஓட்டு வரிசைக்கும் எண் போட வேண்டும். படம் எடுக்க வேண்டும், வரைய வேண்டும். எந்த மூட்டு எந்தப் பொருத்தில் செருகியிருக்கிறது என்பதைப் பிரிக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பிரித்த பிறகு யாருக்கும் நினைவு இருக்காது. மரம் லாரியில் ஏறும். மண்சுவர் ஏறாது. அதனால் கேரளத்து மரவீடு முக்கால்வாசி தானாகவே வந்து சேர்ந்துவிடும்; தமிழ்நாட்டுக் குடியானவர் வீட்டுச் சுவரையோ முட்டுக்காட்டில் புதிதாக எழுப்ப வேண்டும். அதற்கு அந்த வட்டாரத்துச் சுவர்வேலை தெரிந்த ஆள் வேண்டும். மரத்துக்கு ஆசாரி, சாந்துக்குச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார், கூரைக்கு ஓலை மேய்கிறவர். ஆர்க்கிடெக்டின் பாதி வேலை இந்த ஆட்களைத் தேடிப் பிடிப்பது. மீதிப் பாதி, அவர்கள் சொல்வதைக் கேட்பது.

நன்றாகக் கவனித்தால் இங்கே காட்சிப்பொருளும் கட்டடமும் ஒன்றுதான். வீட்டைப் புரிந்துகொள்ளாத ஆர்க்கிடெக்டுக்கு இந்த அருங்காட்சியகத்தில் செய்ய வேலை எதுவும் இல்லை. திண்ணையில் யார் உட்காரலாம், முற்றத்தைத் தாண்டி யார் வரலாம், தானியம் எங்கே, பிள்ளை பெற்றவள் எங்கே, சாமி எங்கே, மாடு எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் பிளானைப் படிக்க வேண்டும். சாதியும் அந்தப் பிளானில் இருக்கும். கண்ணை மூடிக்கொள்ளாமல் அதையும் படிக்க வேண்டும்.

அடுத்து குரியகோஸுக்கு வந்தது அருங்காட்சியகமே அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டம். அச்சில் வார்த்த ஒரே மாதிரி வீட்டை வரிசையாகக் கொட்டாமல், குடும்பங்களோடு பேசி, விதவிதமான பிளான்களில் கட்டினார்கள். தக்ஷிணசித்ராவில் பிறர் வீட்டைப் படித்த பழக்கம் இங்கே கைகொடுத்திருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அதற்கப்புறம் கேரளத்தின் முசிறி மரபுத் திட்டம். பறவூர் யூதத் தொழுகைக்கூடம், சேந்தமங்கலம் பாலியம் அரண்மனை, கோட்டப்புறம் சந்தை எனக் கொடுங்கல்லூர் வட்டாரத்தில் பரந்துகிடந்த பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து, சிலவற்றை அருங்காட்சியகங்களாக்கிய பெரிய வேலை. மாநில சுற்றுலாத் துறை எடுத்து நடத்திய திட்டம். பிறகு ஆலப்புழையில் பழைய கயிற்று ஆலைகள், கிடங்குகள். அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில் இதற்குள் கிடைத்திருக்கும்: அரசு கொடுக்கிறது, அறக்கட்டளை கொடுக்கிறது, சுற்றுலாத் துறை கொடுக்கிறது. ஆனால் 25 வயதுக்காரனைக் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

வாசல்கள்

நுழைவு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பி.ஆர்க். 5 ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். பயோ-மேத்ஸ் குரூப் என்றாலும் பரவாயில்லை. கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்; பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே இதை வீட்டில் பேசிவிடுங்கள். கணிதத்தோடு மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர்களுக்கும் வழி உண்டு.

கட்டடக்கலை மன்றம் நடத்தும் நாட்டா தேர்வு ஒன்று. அதில் வரையவும் வேண்டும். ஜேஇஇ மெயினில் பி.ஆர்க்.குக்கான தாள் இன்னொன்று. திருச்சி என்ஐடிக்கும், தில்லி, போபால், விஜயவாடாவில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளுக்கும் (எஸ்பிஏ) இந்தத் தாள்தான் வாசல். ஜேஇஇ மெயினைத் தமிழிலும் எழுதலாம் என்பது தமிழ்வழி மாணவர் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. ஐஐடி ரூர்க்கி, கரக்பூர் என்றால் ஜேஇஇ அட்வான்ஸ்டும் அதற்குமேல் தனித் திறன்தேர்வும் உண்டு. மாநிலக் கல்லூரிகளுக்குக் கலந்தாய்வு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி (எஸ்ஏபி), நமக்குப் பக்கத்தில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; அந்தந்த ஆண்டு பி.ஆர்க். கலந்தாய்வு அறிவிப்பில் அதற்கான விதியைத் தேடிப் படியுங்கள், இன்டர்நெட் சென்டர்க்காரர் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

படித்து முடித்ததும் மன்றத்தில் பதிவு. 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, பதிவு செய்தவர்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளலாம். கட்டடம் வடிவமைக்கும் வேலையையே மற்றவர்களுக்குச் சட்டம் தடுக்கவில்லை, பட்டத்தைப் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதாவது வடமதுரையில் பிளான் போட்டுக்கொடுக்கும் இன்ஜினியர் உங்களுக்குச் சட்டப்படி எதிரி அல்ல. தொழிலில் போட்டியாளர். அவரைவிட நீங்கள் கூடுதலாக என்ன தருகிறீர்கள் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாததால்தான் ஊரில் நமக்கு வேலை இல்லை.

கணிதம் வராது, ஆனால் அருங்காட்சியகம் பிடிக்கும் என்கிறவர்களுக்கு: ஓர் அருங்காட்சியகத்தில் ஆர்க்கிடெக்ட் ஒருத்தர்தான். காட்சி அமைப்பாளர், ஒளி அமைப்பாளர், பொருள் பாதுகாப்பாளர், கியூரேட்டர், விளக்கப் பலகை எழுதுகிறவர், மாடல் செய்கிறவர் என்று சுற்றிலும் பத்துப் பேர் வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் காட்சி வடிவமைப்பு, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் என்று அவற்றுக்குத் தனிப் படிப்புகள் இருக்கின்றன. தமிழில் நல்ல விளக்கப் பலகை எழுதத் தெரிந்த ஆளுக்கு இருக்கும் பஞ்சம் கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரி கற்றுத்தராதவை

ஐந்தாண்டில் அருங்காட்சியகம் என்பது ஒரு டிசைன் பிராஜெக்டாக ஒருமுறை வந்துபோகும். வளைந்த கூரை, உயரமான கண்ணாடிச் சுவர், கம்ப்யூட்டரில் அழகான படம். மதிப்பெண்ணும் கிடைக்கும். நிஜத்தில் வேலை வேறு இடத்தில் தொடங்குகிறது.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைக் காட்சிக்கு வைக்கிறீர்கள். துணிக்கும் காகிதத்துக்கும் உலகெங்கும் ஒப்புக்கொண்ட வெளிச்ச அளவு 50 லக்ஸ்தான். அதற்குமேல் போனால் சாயம் சீக்கிரம் வெளுக்கும். வடமதுரைச் சித்திரை மாத உச்சிவெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். அந்த வெயிலிலிருந்து நேரே 50 லக்ஸ் அறைக்குள் நுழைகிறவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். சேலை தெரியாது, பல்பைக் கூட்டச் சொல்வார். அப்படியானால் கண்ணைப் படிப்படியாக இறக்க வேண்டும்: முதலில் நிழல், பிறகு தாழ்வாரம், பிறகு ஒரு பாதி இருட்டு அறை. நம் பழைய வீடுகளில் வாசல், திண்ணை, ரேழி, முற்றத்துச் சுற்றுக்கட்டு என்று வெளிச்சம் இறங்கிவருவதை டேப்போடும் போனில் உள்ள லக்ஸ் மீட்டரோடும் போய் அளந்து பாருங்கள். போன் மீட்டர் துல்லியமில்லை. ஆனால் இறக்கம் எவ்வளவு என்பது புரியும்.

ஈரம் அடுத்தது. வெண்கலத்தில் உப்புச்சத்து ஏறியிருந்தால் ஈரக் காற்றில் பச்சைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். அதற்காக ஏசி போட்டு, மாலை 5 மணிக்குப் பூட்டும்போது அதையும் அணைத்துவிட்டுப் போனால், ஈரம் பகலில் இறங்கி இரவில் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மரத்துக்கும் சுவடிக்கும் நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏசியை அணைக்கிற அமைப்புக்கு ஏசியை நம்பிய கட்டடம் வரைந்து கொடுப்பது பொறுப்பின்மை. தடிமனான சுவர், சிறிய திறப்பு, நிழல் விழும் முற்றம் இவற்றைக் கொண்டு முதலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள், மிச்சத்துக்கு இயந்திரம்.

பிறகு கிடங்கு. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் வெளியே தெரிவதைவிட உள்ளே பூட்டிவைத்திருப்பதுதான் அதிகம். ஆனால் பிளானில் கிடங்கு எப்போதும் மிஞ்சிய மூலையில். லாரி எங்கே வந்து நிற்கும், கல் சிற்பம் எந்தக் கதவு வழியாகப் போகும், ஒரு கனமீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் இருக்குமே, தரை தாங்குமா, லிப்டில் நுழையுமா? இவற்றைக் கேட்காமல் முகப்பு வரைகிறவரை மூத்த கியூரேட்டர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அப்புறம் மனிதர்கள். ஒரே பேருந்தில் 50 பிள்ளைகள் இறங்குகிறார்கள். பை எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே, கட்டுச்சோறு எங்கே பிரிப்பது, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எத்தனை? சக்கர நாற்காலிக்கு ஓர் அடி ஏற 12 அடிச் சரிவு வேண்டும். அதைக் கடைசியில் ஒட்டவைத்தால் ஒட்டாது. பாட்டி உட்கார ஒரு திண்ணை இல்லாத காட்சிக்கூடம் பாதியில் காலியாகிவிடும்.

கீழடிக்குப் போகும்போது இந்தக் கண்ணோடு போங்கள். கொந்தகையில், பொதுப்பணித் துறை செட்டிநாட்டுப் பாணியில் 18 கோடி ரூபாய்க்குமேல் செலவழித்துக் கட்டியது. பல தொகுதிகள், இடையிடையே முற்றங்கள், ஓட்டுத் தாழ்வாரங்கள். பள்ளிக் கூட்டம் வந்தால் எங்கே தேங்குகிறது, வெயிலில் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எந்தப் பெட்டியின் கண்ணாடியில் எதிர் ஜன்னல் பிரதிபலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுச் செல்வர் வீட்டு உருவம், இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஒரு நகரத்தின் பானை ஓட்டுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியும் எனக்கு உண்டு; ஆனால் அந்த முற்றங்கள் மதுரை வெயிலுக்குச் செய்யும் உதவியை மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் விமர்சகர்.

திண்டுக்கல் சீமையே பாடத்திட்டம்

பயிற்சிக்குச் சென்னை போக வேண்டியதில்லை. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட தூண் சிற்பங்கள் நிற்கின்றன. சிற்பத்தை வரைய வேண்டாம். வெளிச்சம் காலை 8 மணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து அந்த முகத்தில் விழுகிறது, மாலையில் எது இருட்டுகிறது என்று வரையுங்கள். வடமதுரையிலேயே சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. நுழைவாயிலிலிருந்து கருவறைவரை தரை எத்தனை முறை ஏறுகிறது, கூரை எங்கே தாழ்கிறது என்பதை ஒரு நீளவெட்டுப் படமாகப் போட்டுப் பாருங்கள். பார்வையாளரை நடத்திச் செல்வது பற்றிப் புத்தகத்தில் படிப்பதைவிட இதில் அதிகம் கிடைக்கும். கருவறைப் பக்கம் டேப்பை நீட்டுமுன் அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐந்தாமாண்டு தீசிஸுக்கு ஒரு யோசனை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு ஒரு காட்சிக்கூடம் வரையுங்கள். பூட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் இரும்புத் துண்டு. சாவி சுற்றும் பிடிமானமும், நாக்கு விழும் சத்தமும்தான் பூட்டு. தொடவும் சுற்றவும் இடம் வேண்டும், சத்தம் கேட்கும்படி அமைதி வேண்டும், அரம் போடும் கைவினைஞருக்கு வடக்கு வெளிச்சத்தில் ஒரு பட்டறை வேண்டும், அவர் மதியம் சாப்பிட ஒரு நிழல் வேண்டும். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகள் நிறைய. பழைய மில் ஷெட்டுகளுக்கு மேல்வெளிச்சக் கூரை இருக்கும். ஆலப்புழையில் கயிற்றுக் கிடங்குக்குச் செய்ததை இங்கே ஒரு பழைய ஷெட்டுக்குக் காகிதத்திலாவது செய்து பார்க்கலாம்.

இன்னொன்று: ஊரில் பழைய ஓட்டு வீடு இடிபடுகிறது என்று தெரிந்தால், முன்னாடியே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் போய் அளந்துவிடுங்கள். தூண், உத்தரம், கதவுநிலை எல்லாவற்றுக்கும் எண். இடிக்க வரும் மேஸ்திரியை, “அண்ணே, இது எப்படிச் செருகியிருக்கு?” என்று கேட்டால் டீக்கடை நேரத்தில் ஒரு செமஸ்டர் பாடம் சொல்லிக்கொடுப்பார். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் எந்த அளவு சேர்த்தார்கள் என்பது அவர்களில் வயதானவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் வேலை, முதல் சம்பளம்

படிப்புக்குள்ளேயே பயிற்சிப் பருவம் உண்டு. அதை எங்கே கழிக்கிறீர்கள் என்பது எந்தக் கல்லூரி என்பதைவிட முக்கியம். பெரிய நகரத்தில் 200 பேர் உள்ள அலுவலகத்தில் ஆறு மாதம் கழிப்பறை விவரப்படம் வரைவதைவிட, நான்கு பேர் உள்ள அலுவலகத்தில் சைட்டுக்கும் போர்டுக்கும் அலைவது நல்லது. மரபுக் கட்டடப் பழுதுவேலை, சுண்ணாம்பு வேலை செய்கிற அலுவலகமாகத் தேடுங்கள். மரபுச் சின்னங்களைக் காக்க 1984-ல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் கிளைகள் ஊர் ஊராகப் பட்டியலிடும் வேலை செய்கின்றன. தன்னார்வலராகப் போனால் வேலை பழகலாம், ஆட்களும் பழக்கமாவார்கள்.

சம்பளத்தை ஒளிக்க வேண்டாம். ஐந்தாண்டு படித்தவருக்கு நான்காண்டு படித்த ஐடி நண்பரைவிட முதல் சம்பளம் பெரும்பாலும் குறைவு. முதல் மூன்று நான்கு ஆண்டு வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். படிப்புக்கடன் வாங்கியிருந்தால் இது நிஜமான சுமை. அதைக் கணக்கில் வைத்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாக அலுவலகம் போட்டபின் கட்டணம் கட்டம் கட்டமாக வரும்: கருத்துப்படம், அனுமதிப்படம், கட்டுமானப்படம், மேற்பார்வை என்று. அரசு வேலையில் பில் பாஸாக நாளாகும். அதைத் தாங்க வீடு, பள்ளி, கிளினிக் போன்ற வேலைகள் கையில் இருக்க வேண்டும். அருங்காட்சியகக் கனவு உள்ளவர் சின்ன வேலையைத் தட்டிக்கழிப்பது பட்டினிக்கு அச்சாரம்.

அரசுப் பக்கமும் கதவு இருக்கிறது. பொதுப்பணித் துறையில் ஆர்க்கிடெக்ட் பிரிவு உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறைக்கு யுபிஎஸ்சி எடுக்கிறது. கீழடி போன்ற கட்டடம் யார் மேசையில் பிறந்தது என்று யோசித்தால் இந்தக் கதவைக் குறைத்து மதிப்பிட மாட்டீர்கள். பெயர் வெளியே வராது. கட்டடம் வரும்.

கடைசியாக, வேலை கேட்டு அனுப்பும் போர்ட்ஃபோலியோ. மதுரையிலோ சென்னையிலோ மரபுவேலை செய்கிற அலுவலகத்துக்கு அனுப்பும்போது முதல் பக்கத்தில் உங்கள் கற்பனை அருங்காட்சியகத்தின் கம்ப்யூட்டர் படத்தை வைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். நீங்கள் அளந்த ஓட்டு வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தை வையுங்கள், பென்சிலில் போட்டதானாலும் சரி, அளவுகளோடு, மூட்டுகளின் பெரிதாக்கிய விவரத்தோடு. இரண்டாம் பக்கம் கோயில் மண்டப வெளிச்சப்படம். பூட்டுக் காட்சிக்கூடம் மூன்றாவதாக வரட்டும். மொத்தம் 15 பக்கம் போதும், ஒரே பிடிஎஃப். மெயிலில் ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’வுக்குப் பிறகு, அவர்கள் செய்த எந்தக் கட்டடத்தை நேரில் போய்ப் பார்த்தீர்கள், அங்கே எது உங்களுக்கு இடறியது என்று நான்கு வரி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்துப் போன் செய்யுங்கள். சைட்டில் இருப்பார்கள், மதியம் 2 மணிக்குமேல் எடுப்பார்கள்.